ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வேலை இன்டர்வியூ ஏன் கடினம்? எப்படித் தயாராவது, என்ன கேட்கலாம், சட்டம் என்ன சொல்கிறது?

ஆன்லைன் டெஸ்ட்டில் நல்ல மார்க். டெக்னிக்கல் ரவுண்டில் கேட்ட எல்லாவற்றுக்கும் சரியான பதில். கடைசியாக எச்.ஆர். ரவுண்டு, இருபது நிமிஷப் பேச்சு. "சொல்லி அனுப்புறோம்" என்கிறார்கள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. விடாமல் கேட்டால் கிடைக்கும் காரணம் இப்படி இருக்கும்: "கம்யூனிகேஷன் கொஞ்சம் வீக்." அல்லது, "டீமுக்கு செட் ஆக மாட்டார்னு தோணுச்சு."

இது யாருக்கும் நடக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களுக்கோ இது திரும்பத் திரும்ப, அதே ரவுண்டில் நடக்கிறது. வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள், அந்த வேலையைப் பற்றிப் பேசும் இருபது நிமிஷத்தில் வெளியேற்றப்படுகிறார்கள்.

ஏன் இப்படி? முன்கூட்டியே என்ன செய்யலாம்? ஆட்டிசம் இருப்பதைச் சொல்வதா, வேண்டாமா? இந்தியச் சட்டம் எதுவரை துணைக்கு வரும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஆட்டிசம் என்றால் என்ன?

மூளை வளர்ச்சி வேறுவிதமாக அமைவதால் வாழ்நாள் முழுக்க இருக்கும் ஒரு தன்மை ஆட்டிசம். மருந்து கொடுத்துக் குணப்படுத்தும் நோய் இல்லை. மற்றவர்களோடு பேசிப் பழகும் விதம், ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை உணரும் விதம், ஒழுங்கு மாறினால் வரும் பதற்றம், ஒரு விஷயத்தில் ஆழமாக இறங்கும் ஆர்வம் ஆகியவற்றில் இது தெரியும். எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் 'ஸ்பெக்ட்ரம்' என்கிறார்கள்.

சிலருக்குப் பேச்சு வராது, அன்றாட வேலைகளுக்கே துணை தேவைப்படும். சிலர் இன்ஜினியரிங் முடித்து, வேலைக்கும் போய், முப்பது வயதில்தான் தனக்கு ஆட்டிசம் இருப்பதைத் தெரிந்துகொள்வார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக, தாங்களே விண்ணப்பித்து இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கானது.

2021 நிலவரப்படி உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தியக் கணக்கைத் தேடினால் தலை சுற்றும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாற்றுத்திறனை 8 வகைகளாகப் பிரித்துக் கேட்டது. அதில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் இல்லை. 1995-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்த 7 வகைகளிலும் அது இல்லை. 2016 சட்டத்தில் வகைகள் 21 ஆனபோதுதான் ஆட்டிசம் உள்ளே வந்தது. எத்தனை பேர் என்றே எண்ணப்படாதபோது, எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்ற கேள்விக்கு எங்கே பதில் தேடுவது? ஓரளவு கணக்கு வைத்திருக்கும் பிரிட்டனில், 2024-ல் வெளியான அரசு ஆய்வறிக்கையின்படி, வேலை செய்யும் வயதில் உள்ள ஆட்டிசம் உள்ளவர்களில் 10-ல் சுமார் 3 பேர்தான் வேலையில் இருக்கிறார்கள்.

இன்டர்வியூ உண்மையில் எதை அளக்கிறது?

அமெரிக்காவில் நோவா சாசன் தலைமையிலான குழு 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சிறு பதிவுகளை மற்றவர்களிடம் காட்டி, "இவரோடு பழக விரும்புவீர்களா?" என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். சில விநாடிகளிலேயே ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மதிப்பு குறைந்தது. வீடியோவும் குரலும் இல்லாமல், பேசியதை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது.

அதாவது, சொன்ன விஷயத்தில் குறை இல்லை. குரலின் ஏற்ற இறக்கம், முகபாவம், கண் பார்வை ஆகியவற்றை வைத்துத்தான் மார்க் குறைந்தது. வேலை இன்டர்வியூவையே மாதிரியாக நடத்தி, வீடியோவையும் எழுத்து வடிவத்தையும் ஒப்பிட்ட 2023-ம் ஆண்டு ஆய்வு ஒன்றும் இதே திசையில்தான் முடிந்தது.

பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-ல் இதை வேறு கோணத்தில் விளக்கினார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரிந்துகொள்வது கடினம் என்பது பாதிக் கதைதான். மற்றவர்களுக்கும் ஆட்டிசம் உள்ளவர்களைப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. இடைவெளி இரண்டு பக்கமும் இருக்கிறது. பழி மட்டும் ஒரு பக்கம் விழுகிறது.

கண் பார்வையையே எடுத்துக்கொள்ளுங்கள். "பெரியவங்க பேசும்போது எதிர்த்துப் பாக்காதே" என்று சொல்லி வளர்க்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். அதே பிள்ளை கல்லூரிக்கு வந்ததும், பிளேஸ்மென்ட் டிரெய்னர் "ஐ காண்டாக்ட் முக்கியம்" என்கிறார். எது மரியாதை, எது தன்னம்பிக்கை என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும் பழக்கம். அதற்கும் எஸ்.க்யூ.எல். எழுதத் தெரிவதற்கும் சம்பந்தம் இல்லை.

இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது. தோரணையில் போட்டி போடுவதை விட, பேனலின் கவனத்தை உங்கள் விஷயத்தின் பக்கம் இழுப்பது பலன் தரும். எழுத்தில் உள்ள பதில், செய்துகாட்டிய வேலை, எண்ணால் சொல்லும் விளைவு: இவை முன்னால் வர வர, முதல் பார்வையின் எடை குறையும். கீழே சொல்லும் எல்லா யோசனைக்கும் அடிப்படை இதுதான்.

கேள்விக்குப் பின்னால் இருக்கும் கேள்வி என்ன?

இன்டர்வியூ கேள்விகளில் பல, கேட்பது ஒன்று, எதிர்பார்ப்பது ஒன்று. நேரடியாகப் பொருள் கொள்பவர்களுக்கு இது பெரிய பொறி. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் வழக்கமான கேள்விகளையும், தெளிவாக மாற்றி எழுதிய கேள்விகளையும் ஒப்பிட்டார்கள். கேள்வி தெளிவானதும் ஆட்டிசம் உள்ளவர்களின் பதில்கள் மேம்பட்டன. ஆட்டிசம் இல்லாதவர்களின் பதில்களும் மேம்பட்டன.

கம்பெனிகள் கேள்வியை மாற்றும் வரை காத்திருக்க முடியாது. வழக்கமாக வரும் கேள்விகளை நாமே பெயர்த்து வைத்துக்கொள்ளலாம்.

*"உங்களைப் பத்திச் சொல்லுங்க."*
எங்கே பிறந்தேன், அப்பா என்ன செய்கிறார் என்பது தேவையில்லை. "இந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தம்?" என்பதே இங்கே கேள்வி. ஒன்றரை நிமிஷம் போதும்: இப்போது என்ன செய்கிறீர்கள், இதற்குப் பொருந்தும் ஒரு வேலை, ஏன் இங்கே விண்ணப்பித்தீர்கள். இந்தக் கேள்வி பெரும்பாலும் வரும் என்பதால், எழுதிப் படித்து, செல்போன் டைமர் வைத்துப் பேசிப் பாருங்கள்.

*"அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பாக்குறீங்க?"*
எதிர்காலத்தை யாராலும் சொல்ல முடியாது என்பது உண்மைதான். அதை அங்கே சொல்ல வேண்டாம். சீக்கிரம் போய்விடுவாரா, இந்தத் துறையில் வளர ஆசை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். "டேட்டா பைப்லைன் வேலையில் ஆழமாகக் கற்றுக்கொண்டு, சின்ன ப்ராஜெக்ட்டை முழுசா என் பொறுப்பில் எடுக்கணும்" என்கிற அளவு போதும்.

*"உங்க வீக்னெஸ் என்ன?"*
இங்கேதான் நேர்மை ஆளைக் கவிழ்க்கும். உள்ள எல்லாக் குறையையும் வரிசையாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தவர்கள் உண்டு. பொய் சொல்ல வேண்டாம். எல்லா உண்மையையும் கொட்டவும் வேண்டாம். உண்மையான ஒன்று, அதற்கு நீங்கள் செய்யும் ஏற்பாடு ஒன்று. "வாய்மொழியா நாலஞ்சு வேலை ஒண்ணா சொன்னா எனக்கு விட்டுப்போகும். அதனால மீட்டிங் முடிஞ்சதும் குறிப்பு எழுதி, சரிதானான்னு மெயில்ல உறுதி பண்ணிக்குவேன்."

*"பழைய வேலையை ஏன் விட்டீங்க?"*
பழைய மேனேஜர் எவ்வளவு அநியாயம் செய்தார் என்பதைக் கேட்க அவர்களுக்கு ஆர்வம் இல்லை. ஒரு வரி போதும், அதுவும் அடுத்த வேலையை நோக்கி இருக்கட்டும்: "அங்க சப்போர்ட் வேலை அதிகம். எனக்கு டெஸ்டிங் பக்கம் வரணும்."

*"ஒரு தடவை டீம்ல பிரச்சனை வந்தப்ப எப்படிச் சமாளிச்சீங்க?"*
'ஒரு தடவை' என்று ஆரம்பிக்கும் கேள்விகள் தனி ரகம். குறிப்பிட்ட ஒரு சம்பவத்தை அந்த நொடியில் நினைவிலிருந்து எடுப்பது ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினம். வழி, சம்பவங்களை முன்பே எடுத்து வைப்பதுதான். ஆறு அட்டைகள் தயார் செய்யுங்கள்: கருத்து வேறுபாடு, தவறு செய்து திருத்தியது, நெருக்கடியான கெடு, புதிதாகக் கற்றது, யாருக்காவது உதவியது, பெருமைப்படும் வேலை. ஒவ்வொன்றிலும் நான்கு வரி: நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, முடிவு. வரும் கேள்வி எப்படி இருந்தாலும் இந்த ஆறில் ஒன்று பெரும்பாலும் பொருந்தும்.

*"சம்பளம் எவ்வளவு எதிர்பாக்குறீங்க?"*
இது பேரத்தின் முதல் அடி. மனதில் உள்ள குறைந்தபட்சத் தொகையை முதலிலேயே சொன்னால், அதுவே மேல் எல்லையாகிவிடும். அதே வேலைக்கு அதே ஊரில் என்ன தருகிறார்கள் என்று பார்த்து, ஒரு வரம்பாகச் சொல்லுங்கள். வரம்பின் கீழ்த்தொகை, உங்களுக்குச் சம்மதமான தொகையாகவே இருக்கட்டும்.

*"எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?"*
"இல்லை" என்பது நேர்மையான பதிலாக இருக்கலாம், ஆனால் ஆர்வம் இல்லை என்று படிக்கப்படும். எப்போதும் இரண்டு கேள்விகள் கையில் இருக்கட்டும். உங்களுக்கு உண்மையிலேயே தேவையானதையே கேளுங்கள்: "முதல் மூணு மாசத்துல என்ன முடிச்சா நல்லா செய்றேன்னு எடுத்துக்குவீங்க?" "வேலை எப்படி ஒதுக்குவாங்க, பேச்சுலயா, டிக்கெட் போட்டா?" அந்த ஆபீஸ் உங்களுக்கு ஒத்துவருமா என்பதும் இதில் தெரிந்துவிடும்.

முன்கூட்டியே என்னென்ன கேட்கலாம்?

இன்டர்வியூ அழைப்பு வந்ததும் எச்.ஆருக்குப் பதில் அனுப்புவீர்கள் அல்லவா? அந்த மெயிலில்தான் பாதி வேலை முடிகிறது. ஆட்டிசம் என்ற சொல்லே இல்லாமல், யாரும் கேட்கக்கூடியவை இவை:

- எத்தனை ரவுண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம்?
- பேனலில் எத்தனை பேர், அவர்களின் பொறுப்பு என்ன?
- டெஸ்ட் உண்டா, க்ரூப் டிஸ்கஷன் உண்டா?
- நேரில் என்றால் எந்தக் கட்டடம், எந்த மாடி, யாரைப் பார்க்க வேண்டும்?
- மாதிரி வேலை அல்லது போர்ட்ஃபோலியோ காட்ட முடியுமா?

இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுபவை: கேள்விகளின் தலைப்புகளை முன்பே தருவது, கேள்வியை வீடியோ காலின் சாட் பெட்டியிலும் எழுதுவது, குறிப்பைப் பார்த்துப் பேச அனுமதி, சத்தம் குறைந்த அறை, காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது, க்ரூப் டிஸ்கஷனுக்குப் பதில் தனி உரையாடல் அல்லது எழுத்துத் தேர்வு.

மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். சாரம் இப்படி இருக்கலாம்: "அழைப்புக்கு நன்றி. கேள்விகள் எழுத்திலும் இருந்தால் என்னால் துல்லியமாகப் பதில் சொல்ல முடியும். கேள்வியைச் சாட்டிலும் பதிவிட முடியுமா? யோசிக்கச் சில விநாடிகள் எடுத்துக்கொள்வேன், குறிப்புகளையும் பார்ப்பேன். இதில் சிரமம் இருந்தால் தெரிவியுங்கள்." மூன்று, நான்கு வரியைத் தாண்ட வேண்டாம். என்ன தேவை, அதனால் என்ன பலன், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம்.

அன்றைக்கு என்ன செய்வது?

நேரில் போவதாக இருந்தால், முடிந்தால் முந்தைய நாள் அந்த வழியில் ஒருமுறை போய் வாருங்கள். எந்த கேட், எங்கே கையெழுத்து, லிஃப்ட் எங்கே என்பது தெரிந்துவிட்டால் அன்றைய குழப்பம் ஒன்று குறையும். வாக்-இன் இன்டர்வியூ என்றால் கூட்டமும் காத்திருப்பும் நிச்சயம். முதல் ஆளாகப் போவது, காத்திருக்கும்போது இயர் பிளக் அல்லது ஹெட்போன் போடுவது உதவும். பழகிய, உடம்பை உறுத்தாத உடையே நல்லது. புதுச் சட்டையின் காலர் லேபிள் அரிப்பதைச் சகித்துக்கொண்டே பதில் சொல்லும் நிலை வேண்டாம்.

கண்ணைப் பார்ப்பது கடினம் என்றால் புருவ மத்தியையோ நெற்றியையோ பார்க்கலாம். அதுவும் தொல்லையாக இருந்தால், தொடக்கத்திலேயே ஒரு வரி: "யோசிக்கும்போது நான் வேற பக்கம் பாப்பேன், ஆனா கவனிச்சுக்கிட்டுதான் இருப்பேன்." நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுப்பது பார்வைக்கும் கைக்கும் ஒரு வேலை தரும். கையில் சின்னதாக எதையாவது உருட்டினால் மனம் அமைதியாகும் என்றால், மேஜைக்குக் கீழே அதைச் செய்வதில் தப்பே இல்லை.

கேள்வி புரியாவிட்டால் ஊகித்துப் பேசாதீர்கள். "ரெண்டு விதமா எடுத்துக்கலாம் சார், எதைக் கேக்குறீங்க?" என்று கேட்கலாம். நீளமாகப் பேசும் பழக்கம் இருந்தால், இரண்டு நிமிஷத்தில் நிறுத்தி, "இன்னும் விவரம் வேணுமா?" என்று பந்தை அவர்களிடம் தள்ளுங்கள். சுருக்கமாகப் பேசுபவர் என்றால், ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் உதாரணம் சேர்ப்பது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ கால் பலருக்கு வசதி. அறை உங்களுடையது, குறிப்புகளைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டலாம், உங்கள் முகம் தெரியும் கட்டத்தை மறைத்துவிடலாம். கேமராவுக்குக் கொஞ்சம் கீழே உள்ள குறிப்பைப் பார்த்தாலும் எதிரில் இருப்பவரைப் பார்ப்பது போலவே தெரியும். குறிப்புகளைப் பார்ப்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் யாரோ சொல்லிக் கொடுப்பதாகச் சந்தேகம் வரும்.

முடிந்த பிறகு சோர்வு பலமாக அடிக்கும். இயல்பை மறைத்து மற்றவர்களைப் போல நடந்துகொள்வதை 'மாஸ்கிங்' என்கிறார்கள். ஒரு மணி நேர மாஸ்கிங்குக்குப் பிறகு நாள் முழுக்கப் படுத்துக்கிடப்பவர்கள் உண்டு. ஒரே நாளில் இரண்டு இன்டர்வியூ வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: முழுக்க நடித்து வாங்கிய வேலையில் தினமும் எட்டு மணி நேரம் நடிக்க வேண்டியிருக்கும்.

ஆட்டிசம் இருப்பதைச் சொல்வதா, வேண்டாமா?

இதற்கு ஒரே பதில் இல்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் பொதுவாக இல்லை. நான்கு சந்தர்ப்பங்கள் உண்டு.

*விண்ணப்பத்திலேயே:* இடஒதுக்கீட்டில் விண்ணப்பித்தாலோ, நிறுவனம் தனித் தேர்வுமுறை வைத்திருந்தாலோ இதுதான் வழி. அரசு வேலையில் விண்ணப்பத்தில் குறிப்பிடாமல் பிறகு ஒதுக்கீடு கேட்பது சிக்கல்.

*அழைப்பு வந்த பிறகு:* பேனல் மாற்றங்கள் செய்ய வேண்டுமானால் இது நல்ல நேரம். ரெஸ்யூம் ஏற்கெனவே தேர்வாகிவிட்டது.

*ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு:* வேலையிடத்தில் மாற்றம் தேவைப்படுபவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் இன்டர்வியூவை உதவி இல்லாமல் தாண்ட வேண்டும்.

*சொல்லாமலே இருப்பது:* தேவையை மட்டும் சொல்லி, பெயரைச் சொல்லாமல் விடலாம். 'கேள்வி எழுத்தில் வேண்டும்' என்பதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம். படிவத்தில் நேரடியாகக் கேட்டால் பொய்யாக 'இல்லை' என்று எழுதுவதை விட, 'சொல்ல விரும்பவில்லை' என்ற கட்டம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு.

சாசனும் இன்னொரு ஆய்வாளரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், பேசுபவருக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது பார்ப்பவர்களின் முதல் அபிப்பிராயம் மேம்பட்டது. பார்ப்பவருக்கு ஆட்டிசம் பற்றி எவ்வளவு தெரியும் என்பதும் அதில் பங்கு வகித்தது. நமக்கு முக்கியம் இந்த இரண்டாவது விஷயம். இங்கே பேனலில் உட்கார்ந்திருப்பவர் மனதில் 'மை நேம் இஸ் கான்' ஷாருக்கானோ, 'ஹரிதாஸ்' படத்துச் சிறுவனோதான் இருக்கக்கூடும். "எனக்கு ஆட்டிசம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், மிச்சத்தை அவர் கற்பனையே நிரப்பும்.

எனவே சொல்வதென்றால் மூன்று பகுதியாகச் சொல்லுங்கள். பெயர், அது வேலையில் எப்படித் தெரியும், என்ன வேண்டும். "எனக்கு ஆட்டிசம் இருக்கு. முகபாவம் கம்மியா இருக்கும், அது ஆர்வம் இல்லாததால இல்ல. கேள்வியை நேரடியா கேட்டீங்கன்னா நல்லது." பதினைந்து விநாடி. உடனே வேலை பற்றிய பேச்சுக்குத் திரும்பிவிடுங்கள்.

முடிவெடுக்கும் முன் நிறுவனத்தின் இணையதளத்தில் சம வாய்ப்புக் கொள்கை இருக்கிறதா, அதில் 'நியூரோடைவர்சிட்டி' என்ற சொல்லாவது வருகிறதா, லிங்க்ட்இன்னில் அங்கே வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகள் என்ன எழுதுகிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

சட்டம் எதுவரை துணைக்கு வரும்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19-ம் தேதி. வேலை தேடுபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு.

*ஒன்று, தகுந்த வசதி.* மற்றவர்களுக்குச் சமமாக உரிமையைப் பயன்படுத்த, அளவுக்கு மீறிய சுமை இல்லாமல் செய்யக்கூடிய மாற்றங்களைச் சட்டம் இப்படி வரையறுக்கிறது. அரசு நிறுவனங்கள் வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டக் கூடாது, தகுந்த வசதி செய்து தர வேண்டும் என்கிறது 20-வது பிரிவு.

*இரண்டு, 40% கணக்கு.* ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஆனால் தகுந்த வசதி பெற அந்த வரம்பு தேவையில்லை என்று, விகாஷ் குமார் எதிர் யு.பி.எஸ்.சி. வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ள ஒருவர், தேர்வில் எழுத்தர் உதவி கேட்டுத் தொடுத்த வழக்கு அது. ஆட்டிசம் இருந்தும் 40% எட்டாதவர்களுக்கு இந்தத் தீர்ப்பு மிக முக்கியம்.

*மூன்று, ஒதுக்கீடு.* அரசுப் பணியிடங்களில் 4% மாற்றுத்திறனாளிகளுக்கு. பார்வை, செவித்திறன், உடல் இயக்கம் ஆகிய மூன்று பிரிவுகளுக்குத் தலா 1%. மீதி 1%-ஐ ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநலப் பாதிப்பு, பல்வகைக் குறைபாடு ஆகியவை பகிர்ந்துகொள்கின்றன.

*நான்கு, தனியார்.* இங்கே சட்டத்தின் பிடி தளர்வுதான். ஒதுக்கீடு கட்டாயம் இல்லை. 5% மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்கும் நிறுவனங்களை அரசு ஊக்குவிக்கலாம் என்ற அளவில் நிற்கிறது. ஆனாலும் தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் அந்தக் கொள்கையில் தேர்வுமுறை, வசதிகள், இதற்கான தொடர்பு அதிகாரி யார் என்பதெல்லாம் இருக்க வேண்டும் என்கின்றன 2017-ம் ஆண்டு விதிகள். "உங்கள் சம வாய்ப்புக் கொள்கையின் நகல் கிடைக்குமா?" என்று கேட்பது உங்கள் உரிமைக்குள் வருவதுதான். பாகுபாடு நடந்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமோ, டெல்லியில் உள்ள தலைமை ஆணையரிடமோ புகார் செய்யலாம். மெயில்களைச் சேமித்து வையுங்கள்.

சான்றிதழ் வாங்குவது எப்படி?

ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் யு.டி.ஐ.டி. அட்டைக்கு விண்ணப்பித்து, அரசு குறிப்பிடும் மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். ஆட்டிசத்துக்கு 'இசா' எனப்படும் இந்திய மதிப்பீட்டு அளவுகோல் பயன்படுகிறது; அதில் 40 அம்சங்கள். நன்றாகப் பேசும், படித்த பெரியவர்களுக்கு இதில் சதவீதம் குறைவாக வர வாய்ப்பு உண்டு. சிறுவயது நடத்தை பற்றிய விவரங்களும் பார்க்கப்படும் என்பதால் பெற்றோரையோ, பழைய பள்ளி ஆவணங்களையோ கூட்டிக்கொண்டு போவது நல்லது. சென்னை முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களை மதிப்பீட்டுக்கு அணுகலாம். ஒதுக்கீடு வேண்டாம், தனியார் வேலைதான் என்பவர்களுக்கு மனநல மருத்துவரின் அறிக்கையே போதுமானதாக இருக்கலாம்.

இன்டர்வியூவே இல்லாத வழி உண்டா?

உண்டு. மத்திய அரசின் குரூப் சி மற்றும் அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வு கிடையாது. எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். தேர்வு, ஐ.பி.பி.எஸ். கிளார்க் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 ஆகியவற்றில் எழுத்துத் தேர்வு மார்க்தான் தீர்மானிக்கும். பேங்க் பி.ஓ. வேலைக்கு இன்டர்வியூ உண்டு. சிவில் சர்வீஸ் தேர்விலும் உண்டு, ஆனால் அதன் பங்கு 2,025-ல் 275 மார்க், அதாவது சுமார் 14%.

தனியாரில் சில நிறுவனங்கள் இன்டர்வியூவையே மாற்றிப் பார்த்திருக்கின்றன. எஸ்.ஏ.பி. நிறுவனம் 2013-ல் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தை உலக அளவில் அறிவித்தபோது, அதன் பெங்களூரு மையத்தில் ஏற்கெனவே 6 பேர் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் சேர்ந்திருந்தார்கள். டென்மார்க்கின் ஸ்பெஷலிஸ்டெர்ன் அமைப்போடு சேர்ந்து செய்த திட்டம் அது. மேஜைக்கு எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பதற்குப் பதில், லெகோ ரோபோ போன்ற பயிற்சிகளைச் சில வாரம் செய்யவிட்டு, ஆட்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தார்கள். ஸ்டார்ட்அப்களில் டேக்-ஹோம் அசைன்மென்ட், சம்பளத்தோடு சில நாள் சோதனை வேலை, இன்டர்ன்ஷிப் வழியாக நிரந்தர வேலை ஆகியவை இதே பலனைத் தரும். கிட்ஹப்பில் உள்ள கோடு, வெளியான கட்டுரை, டேஷ்போர்டு லிங்க் போன்றவற்றை ரெஸ்யூமின் மேல் பாதியிலேயே வையுங்கள்.

நீங்கள் பேனல் பக்கம் உட்கார்ந்திருந்தால்?

இதைப் படிப்பவர்களில் பலர் இப்போது டீம் லீடாக, ஜூனியர்களை இன்டர்வியூ எடுப்பவர்களாக இருப்பீர்கள். பட்ஜெட் எதுவும் தேவைப்படாத மாற்றங்கள் இவை:

- கேள்வித் தலைப்புகளையும் நேர அட்டவணையையும் எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் முன்பே அனுப்புங்கள்.
- "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்பதற்குப் பதில், "இந்த வேலைக்குப் பொருந்தும் ஒரு ப்ராஜெக்ட்டைச் சொல்லுங்க" என்று கேளுங்கள்.
- ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. பதிலுக்கு முன் வரும் மௌனத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள்.
- மதிப்பெண் தாளில் 'கம்யூனிகேஷன்' என்ற பொதுக் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த வேலைக்குத் தேவையானதை எழுதுங்கள்: தெளிவான டிக்கெட் எழுதுவாரா, க்ளையன்ட் காலில் பேச வேண்டுமா?
- 'செட் ஆக மாட்டார்' என்று தோன்றினால், வேலையில் எந்தப் பகுதியை அவரால் செய்ய முடியாது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்த ஆளை அடுத்த ரவுண்டுக்கு அனுப்புங்கள்.

விண்ணப்பிக்கும் பக்கம் இருப்பவர்களுக்கு, இந்த வாரமே செய்யக்கூடிய மூன்று வேலைகள்: ஆறு சம்பவ அட்டைகளை எழுதுவது, 'உங்களைப் பத்திச் சொல்லுங்க' பதிலை ஒன்றரை நிமிஷத்துக்குள் கொண்டுவருவது, எச்.ஆருக்கு அனுப்ப வேண்டிய நான்கு வரி மெயிலை டிராஃப்டில் சேமித்து வைப்பது. அழைப்பு வரும் நாளில் இவற்றையெல்லாம் யோசிக்க நேரம் இருக்காது.